ஸ்கிப்டன்: மலையடிவாரத்தில் ஒரு சந்தை ஊர்

இங்கிலாந்து வரைபடத்தைத் துழாவினால் ஷிப்டன் என்ற பெயரில் ஊர்கள் அங்கங்கே தென்படும். பழைய ஆங்கிலத்தில் ஆட்டைக் குறிக்கும் சொல்லும் பண்ணை அல்லது ஊரைக் குறிக்கும் 'டன்' என்ற சொல்லும் சேர்ந்து பிறந்தவை அவற்றில் பல. சுருக்கமாகச் சொன்னால் ஆட்டூர். யார்க்ஷயரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஆட்டூர் மட்டும் ஸ்கிப்டன் ஆகிவிட்டது. ஆங்கிலேயர் 'ஷ' என்று சொல்லும் இடத்தில் 'ஸ்க' என்று சொல்லும் நார்ஸ் மொழிக்காரர்கள், அதாவது வைக்கிங்குகள், இந்தப் பக்கம் குடியேறியிருந்தார்கள். ஊர் பழையபடியே இருந்தது, பெயரைச் சொல்லும் நாக்கு மட்டும் மாறியது. 1086-ல் வில்லியம் மன்னனின் ஆட்கள் நாடு முழுக்க நிலக் கணக்கு எடுத்தபோதே அந்தப் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது.

இன்று சுமார் 15,000 பேர் வாழும் ஊர் இது. லீட்ஸ் நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். ஒரு கோட்டை, ஒரு தேவாலயம், கோட்டை வாசலிலிருந்து தெற்கே இறங்கும் அகலமான ஒரு தெரு, அதன் பின்னால் ஒரு கால்வாய். வாரத்தில் நான்கு நாள் அந்தத் தெருவின் இரு ஓரங்களிலும் கல் பாவிய தளத்தில் கடை போடுகிறார்கள். 1204-ல் ஜான் மன்னன் கொடுத்த பட்டயத்திலிருந்து இந்தச் சந்தையின் வயதைக் கணக்கிடுவது வழக்கம். எத்தனையோ சந்தைகள் பட்டயத்தோடு பிறந்து நூறு வருடத்தில் செத்துப்போயின. இது மட்டும் 800 வருடமாக எப்படித் தாக்குப்பிடித்தது? விடை ஊருக்குள் இல்லை, சுற்றியுள்ள நிலத்தில் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 'சந்தை ஊர்' என்பது ஊரின் அளவைக் குறிக்கும் சொல் அல்ல, அது ஓர் உரிமை. நாலு பேர் கூடி விற்றால் சந்தை ஆகிவிடாது. மன்னரிடமிருந்து பட்டயம் வேண்டும், அதை வாங்குபவர் அந்த ஊரின் பிரபு. கடை போடுகிறவர் கொடுக்கும் வாடகை, விற்கும் மாட்டுக்கு இவ்வளவு என்ற சுங்கம், எடைக்கல் கட்டணம் எல்லாம் அவருக்குப் போகும். சந்தை என்றால் பிரபுவுக்கு ஓடிக்கொண்டே இருக்கும் வருமானம். அதனால் 13ஆம் நூற்றாண்டில் ஆளாளுக்குப் பட்டயம் கேட்டு வரிசை கட்டினார்கள். ஸ்கிப்டனுக்கு வடமேற்கே உள்ள செட்டிலுக்கு 1249-ல் கிடைத்தது, வடக்கே கிராசிங்டனுக்கு 1282-ல்.

பக்கத்துப் பக்கத்தில் சந்தை வந்தால் சண்டைதானே? அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துச் சட்ட நூல் ஒன்று சொல்கிறது: ஒரு மனிதனின் ஒரு நாள் நடை 20 மைல். அதை மூன்றாகப் பிரி. ஒரு பங்கு சந்தைக்கு நடக்க, ஒரு பங்கு நேரம் வாங்கி விற்க, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்ப. ஆக, ஒரு சந்தைக்கு ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்குள், அதாவது சுமார் 10.7 கிலோமீட்டருக்குள், இன்னொரு புதிய சந்தை வந்தால் பழையவர் வழக்குப் போடலாம். இருட்டினால் வழிப்பறி பயம் என்ற கவலைதான் இந்தக் கணக்குக்கு அடிப்படை. கிராசிங்டன் ஸ்கிப்டனிலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர், செட்டில் 25 கிலோமீட்டர். சட்டத்துக்குப் பிரச்சினை இல்லை. சந்தைத் தகராறுகளைத் தீர்க்கத் தனி நீதிமன்றங்களும் இருந்தன. அவற்றுக்குப் பழைய பிரெஞ்சில் 'புழுதிக் கால்' என்று பொருள்படும் பெயர். கால் புழுதியைத் தட்டுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெளியூர் வியாபாரி மறுநாள் வேறு ஊரில் இருப்பான்.

சரி, இப்போது நிலத்துக்கு வருவோம்.

இங்கிலாந்தின் முதுகெலும்பு என்று பென்னைன் மலைத்தொடரைச் சொல்வார்கள். வடக்கு தெற்காக நீளும் அந்தத் தொடர் ஸ்கிப்டனுக்கு அருகே தாழ்ந்து கிழக்குக்கும் மேற்குக்கும் வழிவிடுகிறது. ஏர் கணவாய் என்று பெயர். கிழக்கே ஓடி வட கடல் பக்கம் போகும் ஏர் ஆறும் மேற்கே ஐரிஷ் கடலுக்குப் போகும் ரிப்பிள் ஆறும் இங்கே ஒன்றுக்கொன்று வெகு அருகில் வந்து திரும்பிக்கொள்கின்றன. இந்தப் பக்கம் பென்னைனைக் கடந்த கால்வாய் கடல் மட்டத்திலிருந்து 148 மீட்டர்தான் ஏற வேண்டியிருந்தது. இரண்டு பக்க மலைகளும் 500 மீட்டரைத் தொடும்போது இது எவ்வளவு பெரிய சலுகை என்று பாருங்கள்.

இதே இடத்தில் பாறையும் மாறுகிறது. கிரேவன் பிளவு என்று நிலவியலாளர்கள் சொல்லும் கோடு ஊருக்கு வடக்கே ஓடுகிறது. கோட்டுக்கு வடக்கே நிலம் தூக்கப்பட்டு வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை வெளியே தெரிகிறது. மாலம் கோவ் என்ற 80 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பில் தண்ணீர் நிற்காது, வெடிப்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். மேலே மெல்லிய மண், குட்டையான இனிப்புப் புல். ஆட்டுக்கு அது போதும். கோட்டுக்குத் தெற்கே களிமண்ணும், பனிப்பாறைகள் விட்டுப்போன முட்டை வடிவ மேடுகளும். ஈரம் அதிகம், புல் செழிப்பு. அது மாட்டுக்கு ஏற்ற நிலம். இன்னும் கீழே ஏர் பள்ளத்தாக்கில் இறங்கினால் நிலக்கரி, பிராட்ஃபோர்டு, லீட்ஸ், ஆலைகள், வயிறுகள்.

இதில் ஆட்டுக்காரனின் கணக்கைப் புரிந்துகொண்டால் ஸ்கிப்டனைப் புரிந்துகொண்ட மாதிரி. மேட்டு நிலத்தில் ஆடு குட்டி போடும், ஆனால் கொழுக்காது. கோடை முடிந்ததும் புல் நின்றுவிடும். குளிர்காலத்தில் எல்லாக் குட்டிகளுக்கும் தீனி போட எந்த மலைக் குடியானவனாலும் முடியாது. ஆகவே இலையுதிர் காலத்தில் விற்றே ஆக வேண்டும். வாங்குபவன் கறிக்கடைக்காரன் அல்ல, கீழே தாழ்நிலத்தில் புல் வைத்திருக்கும் இன்னொரு விவசாயி. அவன் கொழுக்க வைத்து அப்புறம் விற்பான். கிழட்டுத் தாய் ஆடுகளுக்கும் இதே வழிதான். மலையில் நாலைந்து ஈற்று போட்ட ஸ்வேல்டேல் என்ற மலை இன ஆடு பல் தேய்ந்ததும் மலைப் புல்லைக் கடிக்க முடியாது. கீழே கொண்டுவந்தால் இன்னும் சில ஆண்டு குட்டி போடும். அங்கே அதை நீலமுக லெஸ்டர் என்ற வேறு இனக் கிடாவோடு சேர்க்கிறார்கள். பிறக்கும் கலப்புப் பெட்டைக்கு 'மியூல்' என்று பெயர். கோவேறு கழுதைக்கு உள்ள அதே சொல், ஆனால் இது மலடு அல்ல. அது இன்னும் கீழே போய், கறிக்கான கிடாவோடு சேர்ந்து இரட்டைக் குட்டிகள் போடுகிறது. மலை, நடு, சமவெளி என்று மூன்று படி. ஒவ்வொரு படியிலும் கைமாற்ற ஓர் இடம் வேண்டும். மலை முடியும் இடத்தில்தான் அது அமையும்.

இந்த மந்தைகளை எண்ணுவதற்கென்றே ஓர் எண் வரிசை யார்க்ஷயர் டேல்ஸில் இருந்தது: யான், டான், டெதர், மெதர், பிப். ஐந்து வரை ஆயிற்றா? ஆங்கில எண்களோடு இதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆங்கிலம் வருவதற்கு முன் இங்கே பேசப்பட்ட கெல்ட்டிக் மொழியின் மிச்சம் என்பது ஒரு சாரார் கருத்து. பின்னால் வேல்ஸிலிருந்தோ ஸ்காட்லாந்திலிருந்தோ வந்ததாக இருக்கலாம் என்பது இன்னொரு சாரார். எப்படியானாலும், பதினைந்துக்கு 'பம்ஃபிட்' என்று சொல்லும் ஒரு வரிசையை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

கோட்டை வந்தது 1090 வாக்கில். நார்மன் பிரபு ராபர்ட் டி ரோமில்லே, எல்லர் ஓடைக்கு மேலே செங்குத்தான பாறையின் விளிம்பில் மண் மேடும் மர வேலியும் போட்டார். ஸ்காட்லாந்துக்காரர்கள் இறங்கி வரும் வழிக்குக் காவல் என்பது நோக்கம். கோட்டைக்கு முன்னால் பாதுகாப்பாகக் கூட ஓர் இடம் கிடைத்ததும் சந்தையும் அங்கே ஒட்டிக்கொண்டது. 1310-ல் இரண்டாம் எட்வர்டு மன்னன் இதை ராபர்ட் கிளிஃபோர்டுக்குக் கொடுத்தான். அவர் கல் கோபுரங்களை எழுப்ப ஆரம்பித்தார், ஆனால் அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. 1314-ல் பானக்பர்ன் போரில் ஸ்காட்லாந்துக்காரர்களிடம் செத்தார்.

அதற்கு அடுத்த ஆண்டுகள் இந்த வட்டாரத்துக்கே கெட்ட காலம். கிழக்கே வார்ஃப் ஆற்றங்கரையில் போல்டன் மடம் இருந்தது. 1120-ல் ஸ்கிப்டனுக்குப் பக்கத்தில் எம்ப்சேயில் தொடங்கி, முப்பது வருடம் போல் கழித்து ஆற்றங்கரைக்கு மாறிய அகஸ்தீனியத் துறவிகள். ஜெபம் போக மீதி நேரம் கம்பளி வியாபாரம் என்று சொன்னால் மிகையாகாது. அவர்களுடைய வரவு செலவுக் கணக்கு தப்பிப் பிழைத்திருக்கிறது. 1315-லிருந்து விடாத மழை, பஞ்சம், கூடவே ஆட்டுக்கு நோய். 3,000-க்கு மேல் இருந்த மந்தை இரண்டே வருடத்தில் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. போதாக்குறைக்கு 1318-ல் ஸ்காட்லாந்துப் படைகள் இந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் வந்து சூறையாடின. கணவாய் சரக்குக்கு மட்டும் வழி விடுவதில்லை.

மடங்களில் பெரிய கை ஃபவுன்டன்ஸ் மடம். அதன் மேய்ச்சல் நிலம் மாலம் வரை நீண்டிருந்தது. கில்ன்ஸியிலிருந்து மாலம் மேட்டுக்கு மந்தை ஓட்டிய பாதை மாஸ்டைல்ஸ் லேன் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. இருபுறமும் சாம்பல் நிறக் கற்சுவர், நடுவே பச்சைப் பாதை. அதில் இப்போது முதுகுப்பை மாட்டியவர்கள் நடக்கிறார்கள்.

தெருவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஸ்கிப்டனின் ஹை ஸ்ட்ரீட் மேலே அகலம். கீழே வர வர, நடுவில் ஒரு வரிசைக் கட்டடம் முளைத்து தெருவை இரண்டாகப் பிளக்கிறது. அந்த வரிசைக்குப் பெயர் மிடில் ரோ. அதன் ஒரு பக்கம் ஓடும் தெருவின் பெயர் ஷீப் ஸ்ட்ரீட், அதாவது ஆட்டுத் தெரு. தெருவை வடிவமைத்தவர்கள் யாரும் நடுவில் கட்டடம் வைக்க மாட்டார்கள். பழைய இங்கிலாந்துச் சந்தைகளில் இப்படி நடந்திருக்கும்: வாரா வாரம் ஒரே இடத்தில் கடை போடுகிறவர் ஒருநாள் கழியைப் பிடுங்காமல் விட்டுப் போவார். அப்புறம் கூரை, அப்புறம் பலகைச் சுவர், பேரன் காலத்தில் கல் கட்டடம். தெருவோரக் கடைகளுக்கு வேறு ஒரு கணக்கு. எல்லாருக்கும் சந்தை முகப்பு வேண்டும், ஆகவே முன்பக்கம் குறுகலாகவும் பின்பக்கம் நீளமாகவும் மனைகளைப் பிரித்தார்கள். பின்னால் இருந்த தோட்டத்தில் பிற்காலத்தில் நெசவாளர் வீடுகள் நெருக்கியடித்து வந்தன. அவற்றுக்குப் போகும் சந்துக்கு இந்த ஊரில் 'கினல்' என்று பெயர். இரண்டு கடைகளுக்கு நடுவே ஆள் ஒருவர் போகும் அகலத்தில் ஓர் இருட்டு வாய் தெரிந்தால், அது ஏழெட்டு நூற்றாண்டுக்கு முந்தைய மனை எல்லையாகவே இருக்கலாம்.

மன்னனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது கோட்டை மன்னன் பக்கம் நின்றது. 1642 டிசம்பரிலிருந்து 1645 டிசம்பர் வரை மூன்று வருட முற்றுகை. ஜான் மேலரி தலைமையில் சில நூறு பேர். வட இங்கிலாந்தில் மன்னனுக்காகக் கடைசியாக விழுந்த கோட்டை இதுதான். பீரங்கிக் குண்டின் வேகத்தைக் குறைக்கச் சுவருக்கு வெளியே ஆட்டு ரோமத்தைத் தொங்கவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, ஆட்டூருக்குப் பொருத்தமான கதை.

வென்றவர்கள் கூரையைப் பிடுங்கினார்கள். அதைத் திரும்பப் போட்டவர் லேடி ஆன் கிளிஃபோர்டு. 1590-ல் இதே கோட்டையில் பிறந்தவர். தகப்பனார் 1605-ல் இறக்கும்போது சொத்தை மகளுக்கு விடாமல் தன் தம்பிக்கு எழுதிவைத்தார். பதினைந்து வயதுப் பெண் வழக்குப் போட்டாள். கணவர் சொல்லி, ஏன் ஜேம்ஸ் மன்னனே சொல்லியும் விட்டுக்கொடுக்கவில்லை. 1643-ல் ஆண் வாரிசுகள் தீர்ந்துபோன பிறகுதான் சொத்து வந்தது. அப்போது கோட்டையைச் சுற்றி முற்றுகை! கடைசியில் வந்து கட்டினார். பீரங்கி ஏற்ற முடியாத அளவுக்குக் கூரை மெலிதாக இருக்க வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. வேலை முடிந்ததும் உள்முற்றத்தில் 1659-ல் அவர் நட்டதாகச் சொல்லப்படும் யூ மரம் இன்றும் நிற்கிறது. வாயில் கோபுரத்தின் மேல் 'இனிமேல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கிளிஃபோர்டுகளின் குலவாக்கியம் அது. நாற்பது வருடம் காத்திருந்தவரின் வீட்டு வாசலில் அதைப் படிப்பது தனி ருசி.

18ஆம் நூற்றாண்டுக்கு வந்தால், ஸ்கிப்டனைச் சேர்ந்த பர்ட்விசில் என்ற மாட்டு வியாபாரி ஸ்காட்லாந்தின் வடக்கு மலைகள் வரை போய் மாடு வாங்கி, நடத்தியே கொண்டுவந்தார். மாலத்துக்கு மேலே கிரேட் குளோஸ் என்ற பெரும் புல்வெளியில் ஒரே நேரத்தில் 5,000 மாடுகள்வரை மேய்ந்ததாக அந்தக் காலத்து எழுத்து சொல்கிறது. இளைத்து வந்த மாடு அங்கே தேறும். பிறகு ஆலை ஊர்களின் தட்டுக்குப் போகும். 1807-ல் போல்டன் மடத்துப் பாதிரியார் வில்லியம் கார் வளர்த்த ஒரு கிடேரி, கிட்டத்தட்ட 2 டன் எடைக்கு வளர்ந்து ஊர் ஊராக வேடிக்கைப் பொருளாகப் போனது. கிரேவன் வங்கி தன் பணத்தாளிலேயே அதன் படத்தை அச்சடித்தது. அதன் பெயரில் மதுக்கடைகள் இன்றும் உண்டு.

ஊரின் போக்கையே மாற்றியது கால்வாய். லீட்ஸையும் லிவர்பூலையும் இணைக்க 1770-ல் சட்டம் போட்டார்கள். முழு நீளம் 127 மைல், முடிய 1816 ஆயிற்று. ஆனால் முதலில் தண்ணீர் விட்ட துண்டு பிங்லி முதல் ஸ்கிப்டன் வரை, 1773 ஏப்ரலில். படகை ஏற்றி இறக்கும் மதகு ஒன்றுகூடத் தேவைப்படாத சமதளப் பகுதி அது. முதல் நாள் இரண்டு படகு நிறைய நிலக்கரி வந்தது. அதுவரை ஊரார் கொடுத்துவந்த விலையில் பாதிக்கு விற்றார்கள். குதிரை முதுகில் மூட்டையாக வந்த பொருள் படகில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

கால்வாய்க்குப் பணம் போட்ட பிராட்ஃபோர்டு வியாபாரிகளின் கண் ஸ்கிப்டனின் சுண்ணாம்புக் கல் மேல். காளவாயில் சுட்டால் காரைக்கு ஆகும், அமிலத்தன்மை கொண்ட மேட்டு மண்ணில் தூவினால் புல் வரும், இரும்பு உருக்கும் உலைக்கும் வேண்டும். கீழே நிலக்கரி இருக்கிறது, மேலே கல் இருக்கிறது. ஒன்று ஏற, ஒன்று இறங்க, படகு வெறுமையாகத் திரும்ப வேண்டியதில்லை. கோட்டையின் சொந்தக்காரரான தேனட் பிரபு சும்மா இருப்பாரா? கோட்டைப் பாறையின் அடியிலேயே அரை மைலுக்கு ஒரு கிளைக் கால்வாய் வெட்டினார். கல்குவாரியிலிருந்து இருப்புப் பாதையில் வந்த கல் மேலேயிருந்து சரிவில் உருண்டு படகில் விழும். கோட்டைக்குள் இருந்தவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று தெரியவில்லை.

கால்வாய்க் கரையில் 1829 வாக்கில் டியூஹர்ஸ்ட் குடும்பத்தின் ஆலை எழுந்தது. முதலில் கம்பளி. 1831-ல் தீப்பிடித்து எரிந்த பிறகு பருத்திக்கு மாறினார்கள். பருத்தி லிவர்பூலிலிருந்து மேற்கு வழியாக, நிலக்கரி கிழக்கு வழியாக. கணவாயின் இரண்டு வாசலுக்கும் வேலை கிடைத்தது. அங்கே செய்த சில்கோ தையல் நூல் இங்கிலாந்தின் தையல் பெட்டிகளில் வெகுகாலம் இருந்தது. இந்த நூல் வழியாக நமக்கும் ஓர் உறவு முளைக்கிறது. டியூஹர்ஸ்ட் 1897-ல் இங்கிலிஷ் சூயிங் காட்டன் கம்பெனியில் சேர்ந்தது, அது பின்னால் டூட்டல் ஆனது, டூட்டலை 1991-ல் கோட்ஸ் வாங்கியது. மதுரையில் எல்லாருக்கும் தெரிந்த மதுரா கோட்ஸின் பின்பாதி அதே கோட்ஸ்தான். ஆலை மூடி வருடங்கள் ஆகின்றன, கட்டடத்தில் இப்போது வீடுகளும் அலுவலகங்களும்.

ரயில் 1847-ல் வந்தது. அதுவும் கணவாய் வழிதான், வேறு எப்படி வரும். 1853-ல் ஊரில் தொடங்கிய வீட்டுக்கடன் சங்கம் இன்று நாட்டின் பெரிய வீட்டுக்கடன் சங்கங்களில் ஒன்று. தலைமையகம் இன்னும் ஸ்கிப்டனில்தான். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளின் ஸ்பென்சர் 1851-ல் இந்த ஊரில் பிறந்தவர். சந்தைக்கடையிலிருந்து வளர்ந்த அந்த நிறுவனத்துக்குச் சந்தை ஊரிலிருந்து ஒரு கூட்டாளி கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆடுமாடுகள் ஹை ஸ்ட்ரீட்டிலேயே விற்கப்பட்டன, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை. சாணி, சத்தம், கண்ணாடி உடைந்த கடைகள் என்று புகார் சேர்ந்ததை ஊகிக்கலாம். முதலில் நகர மண்டபத்துக்குப் பின்னால் தள்ளினார்கள், பிறகு 1990-ல் ஊரின் மேற்கு ஓரத்துக்கு. இரண்டாவது முறை லாரிக்காக. மந்தை நடந்து வந்த காலம் போய், இரண்டு மாடி லாரியில் ஆடு வரும் காலத்தில் தெரு நடுவில் இருப்பதைவிடப் புறவழிச்சாலைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் சௌகரியம். 2001-ல் கோமாரி நோய் வந்தபோது நாடு முழுக்க 60 லட்சத்துக்கு மேல் கால்நடைகளைக் கொன்று அழித்தார்கள். ஸ்கிப்டனுக்கும் செட்டிலுக்கும் இடையே நோய் கடுமையாக இருந்தது, ஏலம் நின்றது, நடைபாதைகளையும் மூடினார்கள். ஆடு போனால் விவசாயி மட்டுமே பாதிக்கப்படுவான் என்று நினைத்திருந்த விடுதிக்காரர்கள், சுற்றுலாப் பயணி பார்க்க வருவதும் அந்த ஆடு மேய்ந்த புல்வெளியைத்தான் என்று அந்தக் கோடையில் கண்டுகொண்டார்கள். இன்றைக்கு ரோமத்துக்குக் கிடைக்கும் விலை பல ஆண்டுகளில் கத்தரிக்கும் கூலிக்கே கட்டாது. கம்பளியால் எழுந்த வட்டாரத்தில் கம்பளி இப்போது செலவுக் கணக்கில் இருக்கிறது. குட்டிதான் வருமானம்.

இருந்தாலும் இலையுதிர் காலம் வந்தால் ஏலக்களம் நிரம்பிவிடும். வட்டமான கூண்டு, சுற்றிலும் படிக்கட்டு இருக்கை, மேலே ஏலக்காரர், அவர் வாயிலிருந்து மூச்சுவிடாமல் கொட்டும் எண்கள். வாங்குகிறவர் கையைத் தூக்குவதுகூட இல்லை, புருவம் அசைந்தால் போதும். ஆட்டுநாய் ஏலமும் இங்கே பிரபலம். நாயை வயலில் ஆடு ஓட்டவிட்டுக் காட்டிய பிறகுதான் விலை கேட்பார்கள். 2016 மே மாதம் கேப் என்ற நாய் 14,100 கினிக்குப் போனது, அப்போதைய உலகச் சாதனை. கினி நாணயம் அச்சடிப்பது நின்று 200 வருடம் ஆகிறது. ஆனாலும் உயர்சாதி விலங்குகளுக்கு ஏலம் அதில்தான். ஒரு கினி என்றால் ஒரு பவுண்டு 5 பென்ஸ். பவுண்டு விற்றவனுக்கு, அந்த 5 பென்ஸ் ஏலக்காரனுக்கு என்பது பழைய ஏற்பாடு. கேப்புக்கு வாங்கியவர் கொடுத்தது 14,805 பவுண்டு.